சுண்ணாம்பு அடிச்ச ரெண்டு கல்லு

மடியில வச்சிருக்கீகளே, அது பொன்னாடைதானே சார்? அப்ப அந்தப் பெட்டிக்குள்ள கேடயமா இருக்கும். யாருக்கு, ஹெட்மாஸ்டருக்கா? முப்பத்தினாலு வருஷ சர்வீஸா, நல்லது. காரியாபட்டி போய்ச் சேர முக்கா மணி நேரம். இந்த பஸ்ஸு டிரைவர் ஓட்டுற ஓட்டுக்கு ஒரு மணி நேரமே ஆகும். கிளட்ச்ச முழுசா மிதிக்காம கியர் மாத்துறான், கரகரன்னு கேக்குதுல்ல? நான் சொன்னா கோவிச்சுக்குவான். விடுங்க.

பணி ஓய்வுன்னா உங்களுக்கெல்லாம் பொன்னாடை, கேடயம், நாலு பேரு மைக்கப் பிடிச்சு அன்னாரு இன்னாருன்னு பேசுறது. பட்டாளத்துல வேற மாதிரி சார். பெரிய ஆபீசர் ஒருத்தர் ரிடையர் ஆனா, அவரை ஜீப்புல நிக்க வச்சு, ஜீப்புக்கு வடம் கட்டி, மத்த ஆபீசருக எல்லாம் சேந்து கேட்டு வரைக்கும் தேர் இழுக்கற மாதிரி இழுத்துக்கிட்டுப் போவாக. என்ஜின் ஓடக்கூடாது. பேண்டு வாசிக்கும். ரெண்டு பக்கமும் ஜவான்க நின்னு கை தட்டுவாக. கேட்டத் தாண்டிட்டா முடிஞ்சது, அதுக்கப்புறம் அவரும் நம்மள மாதிரி சாதா மனுசன். என்ஜின் ஓடலன்னாலும் ஸ்டீயரிங் பிடிக்க ஒரு ஆளு வேணும்ல. அந்த ஆளைப் பத்தித்தான் நான் சொல்ல வந்தது.

என் பேரு இருளப்பன். ஹவில்தார் டிரைவர், இப்ப ரிடையர்டு. கமுதிப் பக்கம். பிரிகேடியர் அச்சய்யாவுக்கு ஒம்பது வருசம் வண்டி ஓட்டுனவன். பிரிகேடியர்னா மூவாயிரம் பேரு அவரு சொல்லுக்கு நிப்பாக சார், லேசுப்பட்ட பதவி இல்ல. குடகுக்காரரு. எங்க மாத்துனாலும் என்னையும் கூடவே கூட்டிட்டுப் போயிருவாரு. ரிடையர் ஆனது எந்த ஊருலன்னு மட்டும் கேக்காதீக, அது ராணுவ ரகசியம். பதினஞ்சு வருசம் ஆச்சுதான், இருந்தாலும் ரகசியம் ரகசியம்தானே. வடக்கே ஒரு மலை ஊரு, ஆப்பிள் விளையும். அம்புட்டுத்தான் சொல்லுவேன்.

அவரு மாதிரி மனுசனப் பாக்க முடியாது. அதிகம் பேச மாட்டாரு. எங்கிட்டத் தமிழ்ல நாலே வார்த்தைதான்: வா, போ, நிறுத்து, சாப்பிட்டியா. மத்ததெல்லாம் இந்தி. தமிழு அவருக்கு வராது, பாவம். அதனால நான்தான் பேசுவேன். மலை ரோடு, ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் போகணும், வண்டிக்குள்ள பேச்சுச் சத்தம் இல்லன்னா டிரைவருக்குக் கண்ணு சொக்கிரும். ஊர்க்கதை, எங்க வீட்டுக்காரி பஞ்சவர்ணம் கதை, கொளத்து மீன் ஏலக் கதை, எல்லாம் சொல்லுவேன். நான் ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிசம் அவரு கண்ண மூடிருவாரு. என் வண்டியில ஏறுனா பச்சப்புள்ள மாதிரித் தூங்கிருவாரு சார். அம்புட்டு நம்பிக்கை எம்மேல. காதுல பஞ்சு வேற வச்சுக்குவாரு, மலைக்குளிரு காதுக்கு ஆகாதுல்ல. நானும் கொஞ்சம் சத்தமாவே பேசுவேன்.

இப்ப விசயத்துக்கு வாரேன். அவரு ரிடையர் ஆக இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு. நான் ஊருக்கு ஏற்கெனவே போன் போட்டுச் சொல்லிட்டேன், ஜீப்புல ஸ்டீயரிங் நான்தான், போட்டோ எடுப்பாக, சட்டம் போட்டு வீட்டுல மாட்டணும், நடு வீட்டுல ஆணி அடிச்சு வையின்னு. பஞ்சவர்ணம் ஆணியும் அடிச்சுட்டா. ஏன் அம்புட்டு அவசரம்னா, அவ தம்பி மாயழகு. அவன் ஒரு தடவ என் வீட்டுலயே உக்காந்து, "அத்தான் பட்டாளத்துல என்ன துப்பாக்கியா புடிக்காரு, காருக்குக் கதவு தொறந்து விடுறாரு"ன்னு சொன்னவன். அந்தப் போட்டோ வந்தா அவன் வாய் மூடும். நான் இருவத்திரெண்டு வருசம் பனியிலயும் வெயில்லயும் கெடந்ததுக்கு அந்த ஒரு போட்டோ போதும் சார் எனக்கு. வேற ஒண்ணும் நான் கேக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் நோட்டீஸ் போர்டுல லிஸ்டு ஒட்டுனாக. விழா பூரா மேஜர் லோகண்டே பொறுப்பு. இளவயசு, மீசைய முறுக்கி விட்டுக்கிட்டு எதையும் பெருசாச் செய்யணும்னு அலையற ஆளு. என்ன எழுதியிருக்குன்னா, பிரிகேடியர் முதமுதல்ல பட்டாளத்துல சேந்தப்ப ஓட்டுன பழைய ஜீப்பு மெஸ்ஸுக்கு முன்னாடி பொம்மை மாதிரி நிக்குதுல்ல, அதுலதான் ஊர்வலம். ஸ்டீயரிங்: சுபேதார் மேஜர் ரசலையன். ஹவில்தார் இருளப்பன்: ஜீப்பைக் கழுவி பெயிண்டு அடிப்பது, கேட்டுக்கு வெளியே காரோடு காத்திருப்பது.

கழுவுறதுக்கு இருளப்பன். காத்திருக்கறதுக்கு இருளப்பன். ஸ்டீயரிங்குக்கு ரசலையன்.

ரசலையன் மேல எனக்குக் கோவமில்ல. மார்த்தாண்டத்துக்காரரு, நல்ல மனுசன், ஜவான்கள்ல மூத்தவரு. ஆனா சைக்கிளத் தவிர அவரு வாழ்க்கையில எதையும் ஓட்டுனதில்ல. நான் மேஜர்கிட்டப் போயி சல்யூட் அடிச்சு, "சாப், அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது"ன்னேன். அவரு சிரிச்சாரு. "என்ஜினே ஓடாத வண்டிக்கு ஓட்டத் தெரியணுமா"ன்னாரு. "பிரேக்கு ஆயிலும் இல்ல சாப், மிதிச்சா காலு பலகை வரைக்கும் போகுது"ன்னேன். "இழுத்தாத்தான் போகும், விட்டா நிக்கும், அதுக்கு எதுக்கு பிரேக்கு"ன்னாரு. படிச்ச ஆளு சார்.

பிரிகேடியர்கிட்டச் சொல்லியிருக்கலாம்லன்னு நீங்க கேப்பீக. கேட்டு வாங்குனா அது மரியாதையா? ஒம்பது வருசம் பின்னாடி உக்காந்தவருக்கு முன்னாடி இருக்கறவன் யாருன்னு தெரியணும். அவரே சொல்லட்டும்னு விட்டுட்டேன். ஒண்ணு மட்டும் செஞ்சேன். பேச்ச நிறுத்துனேன். வண்டியில ஒரு வார்த்தை பேசுறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். அன்னைக்குக் காலையிலதான் மாயழகு வேலிக் கதைய ஆரம்பிச்சிருந்தேன். அவன் எங்க கொல்லையில ரெண்டடி உள்ள தள்ளி முள்வேலி போட்டுட்டான், நான் லீவுல போயி நகட்டச் சொன்னேன், அவன் அருவாளத் தூக்கிக்கிட்டு வந்தான். அந்த எடத்துல ஆபீஸ் வந்துருச்சு, நிறுத்திட்டேன். அதோட சரி. பன்னெண்டு நாளு கப்சிப்.

அந்தப் பன்னெண்டு நாளும் அவரு வண்டியில தூங்கல சார். ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டே வருவாரு, கண்ணாடியில என் மூஞ்சியப் பாப்பாரு, தொண்டையச் செருமுவாரு. நான் வாயே தொறக்கல. எம் பேச்சு இல்லாமத் தூக்கம் வரல மனுசனுக்கு. வரட்டும், தெரியட்டும்னு விட்டுட்டேன்.

கெளம்புறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால பாராகானா. அதாவது ஆபீசரும் ஜவானும் சேந்து உக்காந்து சாப்பிடுற பெரிய விருந்து. கறி, பூரி, அல்வா. சாப்பிட்டு முடிச்சதும் பிரிகேடியர் மைக்கப் பிடிச்சு ஒவ்வொருத்தருக்கா நன்றி சொன்னாரு. சமையக்காரருக்கு, முடி வெட்டுறவருக்கு, தோட்டக்காரருக்கு. பனியில சாமான் தூக்கிட்டுப் போன கோவேறு கழுதைக்குக்கூட நன்றி சொன்னாரு சார், அதுக்கு ஒரு நம்பர் உண்டு, அந்த நம்பரோட சொன்னாரு. நான் தட்டக் கீழ வச்சுட்டு நிமிந்து உக்காந்தேன். அடுத்தது நான்தான்னு. அவரு எம் பக்கம் பாத்தாரு, வாயத் தொறந்தாரு, மூடுனாரு, ஜெய்ஹிந்த்னு சொல்லி உக்காந்துட்டாரு.

நான் அதத் தப்பா எடுத்துக்கல. வீட்டு ஆளுக்கு யாராவது மைக்குல நன்றி சொல்லுவாகளா? சொல்ல மாட்டாக. ஆனா கழுதைக்குச் சொன்னாருல்ல. அன்னைக்கு அல்வா எனக்கு எறங்கல.

விழா அன்னைக்கு வெள்ளன எந்திரிச்சு, நாலு ஜவான்கள வச்சுத் தள்ளி, அந்த ஜீப்பக் கொண்டு போயி ஆபீஸ் வாசல்ல நிப்பாட்டுனேன். அங்கருந்து கேட்டு இருநூறு கெஜம் இருக்கும், பூரா இறக்கம். இப்ப நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. மலையில வண்டிய நிறுத்துனா மூணு வேலை செய்யணும். கியர்ல போடணும், கைப்பிரேக்க இழுக்கணும், சக்கரத்துக்குக் கல்லு வைக்கணும். டிரைவர் பள்ளிக்கூடத்துல முத நாளு கன்னத்துல அறைஞ்சு சொல்லிக் குடுத்தது, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மூணும் செஞ்சேன். கல்லு பாக்க அசிங்கமா இருந்துச்சு. விழாவாச்சேன்னு சுண்ணாம்பு அடிச்சு வச்சேன்.

பட்டாளத்துல நகராதது எல்லாத்துக்கும் சுண்ணாம்பு அடிச்சிருவோம் சார். மரம், கம்பம், ரோட்டோரக் கல்லு, எல்லாம் வெள்ளை. அன்னைக்கு அந்த ரோட்டுல எரநூறு வெள்ளக் கல்லு வரிசையா இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி மேஜர் லோகண்டே செவப்புக் காவி அடிச்சு நாப்பது பூந்தொட்டி அடுக்கியிருந்தாரு. அதோட அதா இன்னும் ரெண்டு கல்லு முன்சக்கரத்துல இருந்துச்சு. எவன் கண்ணுல படும்?

என்ன சார் சிரிக்கீக? வேணும்னு செய்யல. பழக்கம். எடுத்துரணும்னுதான் இருந்தேன், அதுக்குள்ள மேஜர் வந்து, போ போ, கேட்டுக்குப் போயி காரோட நில்லுன்னு வெரட்டிட்டாரு. ஆர்டர்னா ஆர்டர். போயிட்டேன்.

பத்து மணி. பிரிகேடியர் வந்தாரு, நெஞ்சு நெறைய மெடலு, கழுத்துல எம் தொடை தண்டி சாமந்தி மாலை. ஜீப்புல ஏறிக் கம்பியப் பிடிச்சு நின்னாரு. ரசலையன் ஸ்டீயரிங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு தபால் பொட்டி மாதிரி உக்காந்திருந்தாரு. நாப்பது ஆபீசருக வடத்தப் பிடிச்சாக. மேஜர் கைய அசைச்சாரு, பேண்டு ஆரம்பிச்சது, நாப்பது பேரும் இழுத்தாக.

வண்டி நகரல.

இன்னொரு தம் பிடிச்சு இழுத்தாக. நகரல. பேண்டுக்காரங்க பாட்டு முடிஞ்சு போச்சு, மறுபடி முதல்லருந்து வாசிச்சாக. கர்னல் ஒருத்தருக்குத் தொப்பி விழுந்துருச்சு. ஜவான்க பாவம், என்ன செய்யறதுன்னு தெரியாம கை தட்டிக்கிட்டே இருக்காக. மேஜர் ஓடி ஓடிப் பாக்காரு, ரசலையன்கிட்ட என்னமோ கேக்காரு, ரசலையன் ஹாரனை அமுக்கிப் பாக்காரு. கல்லைத் தாண்டித் தாண்டிப் போறாக சார், ஒருத்தர் அது மேலயே காலு வச்சு நின்னு இழுக்காரு, கல்லுன்னு தெரியல.

நான் கேட்டுல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். உண்மையச் சொல்லிர்றேன், உங்ககிட்ட என்ன மறைக்க. வண்டி நகரலன்னதும் எனக்கு அம்புட்டுச் சந்தோசம். ரசலையன் அசிங்கப்பட்டாருங்கறதுக்காக இல்ல. அந்த வண்டி கேட்டத் தாண்டலன்னா அவரு ரிடையர் ஆகலல்ல. இன்னும் நாலு நாளு, ஒரு வாரம் அப்பிடியே இழுத்துக்கிட்டிருக்கட்டும்னு இருந்துச்சு எனக்கு. பைத்தியக்காரத்தனந்தான். தோணுச்சு.

அப்பத்தான் அந்தக் குரலு. "இருளப்பன்." பேண்டு நின்னுருச்சு. பிரிகேடியர் ஜீப்பு மேல நின்னுக்கிட்டு கேட்டப் பாத்து, எல்லாருக்கும் கேக்க, எம் பேரச் சொல்லிக் கூப்பிடுறாரு. "வா." நாலு வார்த்தையில மொத வார்த்தை.

இருநூறு கெஜம் மேட்டுல ஓடுனேன். ரசலையன் எறங்கிட்டாரு, தப்பிச்சோம்னு மூஞ்சியில அப்பிடி ஒரு நிம்மதி. நான் குனிஞ்சு ஒரு கல்ல எடுத்தேன், அந்தப் பக்கம் போயி இன்னொரு கல்ல எடுத்தேன். மேஜரு அந்தக் கல்லுகளப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, அவரு மீசை தானா எறங்கிருச்சு. ஏறி உக்காந்தேன். கியர எடுத்தேன், கைப்பிரேக்க விட்டேன். போட்டோக்காரனப் பாத்து முதுக நிமித்துனேன்.

இறக்கம்னு சொன்னேன்ல. முன்னாடி நாப்பது பேரு கோவத்துல பல்லக் கடிச்சுக்கிட்டு இழுக்காக, இங்க தடை எல்லாம் எடுத்தாச்சு. வண்டி கெளம்புச்சு சார். மொதல்ல நடந்தாக. அப்பறம் வேகமா நடந்தாக. அப்பறம் ஓடுனாக. வடம் தொவண்டு போச்சு, இப்ப அவுக வண்டிய இழுக்கல, வண்டி அவுகள வெரட்டுது. வடத்த விட்டுட்டு ஒதுங்க வேண்டியதுதானே? மாட்டாக. பட்டாளத்துல ஆர்டர் இல்லாம கயித்த விட மாட்டாக. பேண்டுக்காரங்களும் விடாம வாசிக்காக, வண்டி வேகத்துக்குப் பாட்டும் வேகமாகிருச்சு. நான் பிரேக்க மிதிச்சேன், காலு பலகையில போய் நின்னுச்சு. அதத்தான் முன்னாடியே சொன்னேன்ல.

பிரிகேடியர் கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஆர்டர் குடுத்தாரு, இங்கிலீசுல, வடத்த விடுன்னு. முப்பத்தாறு வருச சர்வீசுல அதுதான் அவரோட கடைசி ஆர்டரு. நாப்பது பேரும் பொத்துனு விட்டுட்டு ரெண்டு பக்கமும் பூந்தொட்டிக்குள்ள பாஞ்சாக. பதினோரு தொட்டி போச்சு. நான் கைப்பிரேக்கக் கொஞ்சங் கொஞ்சமா, கொஞ்சங் கொஞ்சமா இழுத்துப் பிடிச்சேன். கேட்டுல காவலுக்கு நின்ன சென்ட்ரி சல்யூட் அடிச்சான், அந்த வேகத்துலயும் பிரிகேடியர் திருப்பிச் சல்யூட் அடிச்சாரு. கேட்டத் தாண்டி, காருக்குப் பக்கத்துல, ஒரு சாண் எடைவெளி விட்டு நிப்பாட்டுனேன். எவனாவது அப்பிடி நிப்பாட்டட்டும் பாக்கலாம்.

யாருக்கும் ஒண்ணும் ஆகல. ரெண்டு முட்டி செராய்ப்பு, அம்புட்டுத்தான். பிரிகேடியர் எறங்குனாரு. சிரிச்சாரு பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. அப்பறம் எங் கையப் பாத்தாரு. வெரல் பூரா சுண்ணாம்பு. காலையில அடிச்சது, இன்னும் காயல. நான் கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டேன். அவரு கார்ல ஏறிட்டாரு.

இருங்க, போட்டோவக் காட்டுறேன். பையிலயே வச்சிருக்கேன். இந்தா, இவரு பிரிகேடியர். இதுக எல்லாம் ஓடுற ஆபீசருக. ஸ்டீயரிங்குல இருக்கறது நான். மூஞ்சி தெரியாது, காத்துல அவரு மாலை பறந்து வந்து எம் மூஞ்சியில விழுந்த நேரத்துல எடுத்துருக்கான் படுபாவி. சாமந்திக்குள்ள இருக்கறது நான்தான் சார், காதப் பாருங்க, எங் காதுதான். மாயழகு பாத்துட்டு, "இது யாரு வேணாலும் இருக்கலாம்"னு போயிட்டான். பஞ்சவர்ணம் அந்த ஆணியில காலண்டர் மாட்டிட்டா.

தூக்கம் வருதா சார்? கண்ண மூடிக்கங்க, பரவாயில்ல. அவரும் இப்பிடித்தான். கொஞ்சந்தான் இருக்கு.

ஸ்டேசனுக்கு மூணு மணி நேர ரோடு. மேடம் முன்னாடியே ஊருக்குப் போயிட்டாக, வண்டியில நானும் அவருந்தான். அவரு காதுல பஞ்ச வச்சுக்கிட்டுச் சாஞ்சு உக்காந்தாரு. இப்பக் கோவமெல்லாம் போயிருச்சு எனக்கு, பேசணும்னுதான் வாயத் தொறக்கறேன். சத்தம் வரல. மலை வளைவு ஒவ்வொண்ணா வருது, ஒவ்வொண்ணும் இதான் கடைசின்னு தோணுது. அழுகைய அடக்கிக்கிட்டு வண்டி ஓட்டுறது லேசு இல்ல சார், ரோடு தெரியாது. ஒரு மணி நேரம் ஆச்சு. 

பின்னாடியிலருந்து ஒரு குரலு. நான் முதல்ல ரோட்டுல யாரோ நம்ம ஊருக்காரன் நிக்கான்னு திரும்பிப் பாத்தேன். அப்பிடியே கமுதிப் பேச்சு.

"ஏய்யா இருளப்பா, வாயிலயும் கல்ல வச்சுட்டியா?"

பிரிகேடியர்தான். கண்ண மூடிக்கிட்டே இருக்காரு.

"அந்த மாயழகுப் பய வேலிய அங்கிட்டு நகட்டுனானா, இல்லையா? அருவாளத் தூக்கிக்கிட்டு வந்தான்னு பாதியில நிறுத்துன. பன்னெண்டு நாளா உசுர வாங்குற. ஊருக்குப் போயி நான் யார்ட்டய்யா கேப்பேன்?"

நான் வண்டிய ஓரங்கட்டிட்டேன். கியர்ல போட்டேன், கைப்பிரேக்க இழுத்தேன், ஸ்டீயரிங்குல தலைய வச்சு அழுதுட்டேன் சார். கல்லு மட்டும் வைக்கல. நான் அழுது முடிக்கற வரைக்கும் அவரு விட்டுட்டாரு. அப்பறம், "சாப்பிட்டியா"ன்னாரு. அதுவும் அந்த நாலுல ஒண்ணு.

மிச்ச ரெண்டு மணி நேரமும் சொல்லிக்கிட்டே போனேன். அவரு கண்ணத் தொறக்கவே இல்ல. ஒண்ணு மட்டும் எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. காதுல பஞ்சு வச்சுக்கிட்டு, அம்புட்டுத் தூக்கத்துல, அந்த மனுசன் எப்பிடி சார் இதெல்லாம் கேட்டாரு? அந்தத் தமிழு அவருக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? பிரிகேடியர்னா சும்மாவா.

காரியாபட்டி வந்துருச்சு, எந்திரிங்க. கேடயப் பெட்டி பத்திரம், படியில இடிச்சிராதீக. கண்டக்டரு, சாரு எறங்கறாரு, விசில் குடுத்துராத.

என்ன சார், கெளம்பிட்டீக? வேலி என்னாச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே.